நாடாத் தடம்

"இது யார் என்று உனக்குத் தெரிகிறதா?" என்று மிஸ் பார்லோ கேட்டார்.

என் கையில், பெயின்ட்டைக் கரைக்கிற டர்பன்டைனில் நனைத்த துணி. எதிரே மரச் சட்டத்தில் அந்தப் படம். துணிக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அவர் படியேறி வந்தது எனக்குக் கேட்கவே இல்லை. வழக்கமாக அந்தக் கட்டடத்தில் யார் எந்தப் படியில் கால் வைத்தாலும் எனக்குக் கேட்டுவிடும். எது எந்த வீட்டுக்காரர் நடை என்றுகூடச் சொல்லிவிடுவேன். அன்றைக்குக் காது அடைத்துப் போயிருந்தது.

"ஐ டோன்ட் நோ," என்றேன். இங்கிலீஷில் எனக்குத் தடுமாறாமல் வருகிற ஒரே வாக்கியம் அது. பத்தாம் வகுப்பில் பெஞ்சு மேல் நின்றுகொண்டு தினமும் சொன்னது. அதைக்கூடச் சொல்ல முடியாமல் போன ஒரு நாளில்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

படத்தில் படுத்திருந்தது என் அக்கா சாந்தா.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரத்தில், டிராம் போகிற தெருவில், ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. அக்கா கணவர் உமாபதி அத்தான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இரும்பை இழுத்து இழுத்துப் பார்த்து, அது எந்த இடத்தில் எப்போது விரிசல் விடும் என்று கண்டுபிடிக்கும் வேலை. தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு விரிசலாக இருந்தாலும் மைக்ராஸ்கோப்பில் தன் கண்ணுக்குத் தப்பாது என்று சாப்பிடும்போது சொல்வார். கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. ஆனால் அவருக்கு ஒன்று பிடிக்கவில்லையென்றால் அதற்கப்புறம் அது அந்த வீட்டில் இருக்காது. நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன ரேடியோ அப்படித்தான் போயிற்று. கீழ் வீட்டுப் பூனைக்கு அக்கா பால் வைத்துக்கொண்டிருந்த கிண்ணமும் போயிற்று. முதல் நாள் ஒன்றும் சொல்ல மாட்டார். மறுநாள் பார்த்தால் அந்த இடம் காலியாக, துடைத்துச் சுத்தமாக இருக்கும்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தொன்றில், அக்காவின் பிரசவத்துக்குத் துணை என்று என்னை மாயவரத்திலிருந்து வரவழைத்தார்கள். குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு என்னைத் திருப்பி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அத்தான் என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், இவள் என் பொறுப்பில் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். ஊரில் அப்பா இல்லை. அம்மா பெரியப்பா வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அத்தானுடன் இருக்கும்வரைதான் எனக்கு ஒரு கூரை. அம்மாவுக்கு ஒரு மரியாதை.

மேல்மாடியில், கூரைக்கு அடியிலேயே இருந்த பெரிய அறையில் மிஸ் பார்லோ குடியிருந்தார். இங்கிலாந்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, எப்போதும் ஒரே பழுப்புக் கம்பளிச் சட்டை. காலையில் படம் வரைவார், மாலையில் ஆங்கில வகுப்பு எடுப்பார். கட்டடத்தில் ஆங்கிலம் பேச வேறு ஆள் இல்லாததால், பி.ஏ. படித்த அக்காவும் அவரும் படிக்கட்டில் நின்று பேசிப் பேசியே பழகிவிட்டார்கள். அக்கா சொல்லித்தான் செவ்வாய்க்கிழமைகளில் அவர் அறையைப் பெருக்கித் துடைக்க நான் போக ஆரம்பித்தேன்.

முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார். தரையில் சாக்பீஸால் போட்டிருக்கிற குறிகளை அழிக்கக் கூடாது. அவருடைய ஸ்டூலின் கால்களுக்கு மூன்று, படம் வைக்கும் சட்டத்துக்கு மூன்று, சோபாவுக்கு நாலு. சோபா விரிப்பின் மேலும் தையற்காரர் போடுகிற மாதிரி சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள் இருந்தன. படுக்கிற ஆள் எழுந்துபோய் மறுபடி வந்தாலும் முழங்கையும் இடுப்பும் குதிகாலும் அதே இடத்துக்கு வர வேண்டும் என்பதற்காம். உத்தரத்திலிருந்து கொத்தனார் கட்டுகிற தூக்குக்குண்டு ஒன்று தொங்கியது. அவர் ஆப்பிள் வரைவதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கையை முழுசாக நீட்டி, பிரஷ்ஷை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை பிரஷ் மேல் நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு தூரத்தையும் அளப்பார். அளந்த இடத்தில் கான்வாஸ் மேல் ஒரு சிவப்புக் கீற்று. அந்தக் கீற்றுகளை அப்புறமும் அழிக்க மாட்டார்.

சுவர் முழுக்க ஆங்கிலேயர் வரைந்த படங்களின் அச்சுக் கார்டுகள். எல்லாம் படுத்திருக்கிற பெண்கள், உடம்பில் துணி இல்லாமல். முதல் இரண்டு வாரம் நான் சுவரைப் பார்க்காமலேயே அறையைத் துடைத்தேன். மூன்றாவது வாரம் பார்த்தேன். பழைய படங்களில் உடம்பு பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு மச்சம் கிடையாது, ஒரு மடிப்பு கிடையாது. புதிய படங்களில் சாம்பல் நிறமும் சேற்று நிறமுமாக, தூங்கி எழுந்திருக்காத பெண்கள்.

டிசம்பரிலிருந்து மூன்று மாதம் அந்தச் சாக்பீஸ் குறிகளைச் சுற்றிச் சுற்றியே துடைத்தேன். அவை யாருக்காக என்று யோசிக்கவில்லை. அக்கா திங்கள், புதன், வியாழன் காலைகளில் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு நான்தான் எண்ணெய் தேய்ப்பேன். ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெய் தீர்ந்துபோய், மருந்துக்கடையில் சின்னச் சின்ன பாட்டிலில் விற்ற எள் எண்ணெயை வாங்கி, நாலு மிளகு போட்டுக் காய்ச்சுவோம். குளியலறையில் கரி போட்டு வெந்நீர் காயவைக்கிற அடுப்பு ஒன்று இருந்தது. அது சூடாகிறவரைக்கும் அக்கா குட்டி முக்காலியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வலது பக்கம் மட்டும் தோல் வறண்டு சிவந்து இருந்தது. இடது பக்கம் குளிர்ந்து கிடந்தது. கேட்டேன். வகுப்பில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்காருகிறேன் என்றாள். ரவிக்கை, சேலை, ஸ்வெட்டர், கோட்டு எல்லாவற்றையும் தாண்டி ஹீட்டர் சூடு இடுப்பு வரைக்கும் எப்படிப் போகும்? நான் மேலே கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மிஸ் பார்லோ ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தார். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த பெரிய கான்வாஸுக்குப் பின்னால் தூசி சேர்ந்திருந்தது. பெருக்குவதற்காக நகர்த்தினேன். பாதி திரும்பிவிட்டது.

ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். முகம் அந்தப் பக்கம். கூந்தலை உச்சியில் தூக்கிச் செருகியிருக்கிறாள். தலை முதல் குதிகால் வரை ஒரு நூல் இல்லை. வலது விலாவில் மட்டும் ஹீட்டர் பட்ட சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் நான் எண்ணெய் தேய்த்திருக்கிறேன்.

இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. விரல் அகலம். அதில் குறுக்கே சின்னச் சின்னச் சுருக்கம். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி விழுகிற தடம். தாவணி கட்டத் தொடங்கின நாளிலிருந்து கறுத்து, அப்புறம் எந்த சோப்புக்கும் போகாதது. என் இடுப்பில் இருக்கிறது. அம்மா இடுப்பில் இருக்கிறது. சேலை கட்டுகிற எந்தப் பெண்ணும் அதைப் பார்த்த நிமிஷமே தெரிந்துகொள்வாள், இது நம்மில் ஒருத்தி என்று. அந்த வருஷம் எங்களுக்குத் தெரிந்து டார்ம்ஸ்டாட்டில் சேலை கட்டுகிறவர்கள், என்னையும் சேர்த்து, ஆறு பேர்.

அது போதாது என்று இடது தோள்பட்டைக்குக் கீழே வேப்பிலை அளவில் ஒரு வெளுத்த வடு. எனக்கு ஆறு வயதில், அக்காவுக்குப் பத்து வயதில், வடித்த கஞ்சியை நான் தூக்கிக்கொண்டு வந்து அவள் முதுகில் கொட்டினேன். அந்த வடுவின் ஓரம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று என் விரலுக்குத் தெரியும். அதை ஓர் இங்கிலீஷ்காரி மேடும் பள்ளமுமாக அப்படியே வரைந்து வைத்திருந்தார்.

கான்வாஸைத் திருப்பி வைத்துவிட்டுக் கீழே வந்து, சாயங்காலம் வரை படுத்திருந்தேன். ஏப்ரல் மாதம் மிஸ் பார்லோவின் படங்களைக் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள் என்பது கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் துணியை டர்பன்டைனில் நனைத்தேன். முழுப் படத்தையும் அழிக்கிற தைரியம் எனக்கு இல்லை. அந்தக் கோட்டையும் வடுவையும் மட்டும் துடைத்துவிட்டால் அது எந்த நாட்டுப் பெண்ணாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகும். அப்போதுதான் அவர் பின்னால் வந்து நின்று கேட்டார். நான் தெரியாது என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணியை எடுத்துக்கொண்டார். பெயின்ட் காய்ந்து இறுகிவிட்டது, இனி துடைத்தாலும் போகாது என்றார். எதைத் துடைக்கப் பார்த்தாய் என்று கேட்டார். நான் அந்தக் கோட்டைக் காட்டினேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பிறகு சுவரில் இருந்த பழைய கார்டுகளைக் காட்டி, எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். அவர்கள் நாட்டில் அந்தக் காலத்துப் பெண்கள் இடுப்பை இறுக்குகிற உள்ளாடை போடுவார்களாம். அதைக் கழற்றினால் உடம்பெல்லாம் சிவப்புத் தடம் இருக்கும். பல ஓவியர்கள் அதை வரைய மாட்டார்கள். மறைகிறவரைக்கும் காத்திருப்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். தடம் இருந்தால் அவள் துணியைக் கழற்றிய ஒரு பெண், தடம் இல்லையென்றால் தேவதை. தேவதை என்று பெயர் எழுதி மாட்டிவிட்டால் பாதிரியார்கூட வந்து பார்த்துவிட்டுப் போகலாம். "எனக்குத் தேவதை வரையத் தெரியாது," என்றார். "என் ஆசிரியர் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். எது இருக்கிறதோ அதைப் போடு." இந்தக் கோடு என்னவென்று தெரியாமலே நாலு நாள் அளந்து வரைந்தாராம். படத்திலேயே அதுதான் உண்மையான இடம் என்றார்.

அதை எடுத்துவிடுங்கள், காட்சிக்கு வைக்காதீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். படத்தைக் காட்டிக் கையை மட்டும் ஆட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. படுத்திருக்கிறவள் வேண்டாம் என்று சொன்னால் இந்த நிமிஷமே சுவர் பக்கம் திருப்பிவிடுகிறேன், அவளிடம் போய்க் கேள் என்றார்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் கேட்க முடியாது. முதுகுதான் எனக்கு வசதி.

எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு, "மேலே இருக்கிற படத்தைப் பாத்துட்டேன்," என்றேன்.

அக்காவின் முதுகு என் உள்ளங்கைக்கு அடியில் ஒரு நொடி கல்லானது. பிறகு தளர்ந்தது. "எப்படி இருக்கு?" என்றாள்.

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. அழுகை வந்துவிட்டது. மல்லிகா அக்கா வருவாளே, அவள் ஒரு தடவை பார்த்தால் போதாதா என்று ஏதேதோ சொன்னேன். மல்லிகா அக்கா அத்தானின் நண்பர் நடேசன் அண்ணனின் மனைவி. அக்கா உண்டாகியிருந்ததை அக்காவுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துச் சொன்னவள். இங்கே படிக்க வந்த ஒரு பையன் ஜெர்மன்காரப் பெண்ணோடு சினிமாவுக்குப் போனதை அவள் ஊருக்கு ஒரு கடிதத்தில் எழுத, ஒரே மாதத்தில் அவன் அப்பா தந்தி அடித்து அவனைத் திருப்பி வரவழைத்துவிட்டார்.

"பாக்கட்டுமே," என்றாள் அக்கா.

"அத்தான் பாத்தா?"

"அவர் பாத்தாத் தெரிஞ்சுடும்னு நினைக்கிறியா?"

"கஞ்சி வடு இருக்கே அக்கா."

"கல்யாணம் ஆகி நாலரை வருஷம் ஆச்சுடி. அது எப்படி வந்துதுன்னு அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை." அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. "மேல அந்தம்மா மூணு மாசம் என்னைப் பாத்தாங்க. சும்மா இல்ல. தோளுக்கும் இடுப்புக்கும் எவ்வளவு தூரம்னு அளந்து பாத்தாங்க. குழந்தை போனதுலேர்ந்து என்னை நேரா நிமிர்ந்து பாத்தவங்க யாரு, சொல்லு. நீகூடத் தரையைத்தான் பாக்கற."

"தெரிஞ்சா அனுப்பிடுவாரு அக்கா. உன்னை, என்னை, எல்லாரையும்."

"அனுப்பினா, என்னைப் பாத்து, தெரிஞ்சு அனுப்பினார்னு ஆகும்." ஈர விரலால் முழங்காலில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். "அவர் கட்டாயம் வரணும். நீ நடுவுல எதுவும் செய்யாதே."

நான் செய்தேன். அழைப்பு அட்டை தபாலில் வந்ததும் அதை எடுத்து, உருளைக்கிழங்குப் பெட்டிக்கு அடியில், வேறு யாரும் கை வைக்காத என் நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் ஒளித்தேன். அது ஒரு பயனும் இல்லாத வேலை. மிஸ் பார்லோவுக்குத் தெரிந்த நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அட்டை போயிருந்தது. நடேசன் அண்ணன் லேபில் அத்தானைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று சொல்லிவிட்டார். அத்தான் வந்து, நம்ம வீட்டுக்கு அட்டை வரலையே, மேல் வீட்டம்மா மறந்துட்டாங்களா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். தபாலில் தவறியிருக்கும் என்றாள். தவறினாலும் போகத்தான் வேண்டும், ஒரே கட்டடம், போகாவிட்டால் நன்றாக இருக்காது என்று அத்தான் தீர்த்துவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு காலையிலும் எழுந்தவுடன் அக்காவின் கோட்டு ஆணியில் தொங்குகிறதா என்று பார்த்தேன்.

ஏப்ரல் மாத ஞாயிறு, காலை பதினொரு மணி. குன்றின் மேல் பழைய ஓவியர் வீடுகளுக்குப் பக்கத்தில் சின்னக் கூடம். வாசலில் கோட்டுகளை மாட்ட ஆணி வரிசை. உள்ளே நாற்பது ஜெர்மன்காரர்கள் கையில் கண்ணாடிக் கோப்பையோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மாம்பழ நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். கல்யாணத்துக்கப்புறம் அதை அவள் எடுத்து நான் பார்த்ததில்லை. மிஸ் பார்லோ தூரத்தில் யாரோடோ நின்றுகொண்டு, எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஆப்பிள்கள், ஒரு ஜன்னல், ஒரு கிழவரின் முகம். ஒவ்வொன்றின் முன்னாலும் அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிதானமாக நின்றார். நான் எண்களை எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழாவது படம் எதிர்ச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு இருந்தது. கீழே அட்டையில் ஜெர்மனில், படுத்திருக்கும் உருவம், முதுகுப்புறம் என்று எழுதியிருந்தது.

நடேசன் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "உமாபதி, இதுக்குத்தான் குடும்பத்தோட கூட்டிட்டு வந்தியா?" என்றார். அத்தான் சிரித்தார்.  மல்லிகா அக்கா ஓரடி பின்னால் நின்று, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எந்த நாட்டுக்காரி என்று அவர்களுக்குள் பேச்சு ஓடியது. ஸ்பெயின் என்றார் நடேசன் அண்ணன். துருக்கியாக இருக்கும், இப்போது பாக்டரி வேலைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள் என்றார் அத்தான்.

"அது சரி, இடுப்புல என்னய்யா அது கோடு? பெல்ட்டா?" நடேசன் அண்ணன் திரும்பினார். "மல்லி, என்னது அது?"

மல்லிகா அக்கா இப்போது நேராகப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். அவளுடைய வலது கை தன்னையறியாமல் தன் இடுப்புக்குப் போய், சேலை மேலேயே அந்த இடத்தைத் தொட்டது. பிறகு அவள் கண் என்னிடம் வந்தது. என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். என்னிடமிருந்து அக்காவிடம் போயிற்று. அக்கா தலையைக் குனியவில்லை.

எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. கால் வரவில்லை. பெஞ்சு மேல் நின்ற அதே கால்கள்.

"நிழல்," என்றாள் மல்லிகா அக்கா. "ஜன்னல் கம்பி நிழல் விழுந்திருக்கும்." அதைச் சொல்லிவிட்டு ஆப்பிள் படத்துக்குத் திரும்பிப் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

அத்தானுக்கு அது சரியாகப் படவில்லை. நிழலாக இருந்தால் உடம்பின் வளைவுக்குத் தகுந்தபடி அகலம் மாற வேண்டும், இது ஒரே அகலமாக இருக்கிறதே என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பேனா மேல் கட்டைவிரலை நகர்த்தினார். மிஸ் பார்லோ செய்கிற மாதிரியே. அக்கா ஓரடி முன்னால் வந்து அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா குதிகாலிலிருந்து இடுப்புக்கு வந்தது. கோட்டில் நின்றது. முதுகெலும்பு வழியாக மெதுவாக மேலே ஏறியது. இடது தோள்பட்டைக்குக் கீழே, கஞ்சி வடுவுக்கு நேராக வந்து நின்றுவிட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாரதா அம்மன் பெயரோ மாரியம்மன் பெயரோ, ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். காலி ஆணி தெரிந்தது. அம்மாவின் முகம் தெரிந்தது.

"இங்க பெயின்ட் உரிஞ்சிருக்கு," என்றார் அத்தான். "அந்தக் கோடும் அப்படித்தான். கான்வாஸை மடிச்சு வெச்சிருப்பாங்க, மடிப்பு விழுந்துடுச்சு. பாருங்க, இந்தச் சிவப்பு மார்க் எல்லாம் அளவு. அந்தம்மாவுக்கு மெத்தட் தெரியுது. மெட்டீரியல்தான் மட்டம்."

"நல்லாப் பாத்தீங்களா?" என்று அக்கா கேட்டாள். தணிந்த குரல். எனக்கு மட்டும் அது கத்தின மாதிரி கேட்டது.

"பாத்தாச்சு, பாத்தாச்சு." பேனாவைப் பையில் செருகினார். "அளவும் தப்பு சாந்தா. இடுப்புலேர்ந்து தோள் வரைக்கும் எந்தப் பொம்பளைக்கும் இவ்வளவு நீளம் இருக்காது. ரெண்டு சென்டிமீட்டராவது ஜாஸ்தி."

நடேசன் அண்ணன் சிரித்தார். இருவரும் எட்டாவது படத்துக்கு நகர்ந்தார்கள்.

மூன்று வாரப் பயம் விட்டுவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டேன். தப்பித்துவிட்டோம், அக்கா தப்பித்துவிட்டாள், நானும் அம்மாவும் தப்பித்துவிட்டோம். அதைச் சொல்ல அக்காவைப் பார்த்துச் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெறும் கையோடு வெளியே வந்தபோது கட்டிலில் எந்த முகத்தோடு இருந்தாளோ, அந்த முகம். படத்தை ஒரு தடவை பார்த்தாள், தூரத்தில் தெரிந்த ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. பிறகு அத்தானின் முதுகைப் பார்த்தாள். அவர் குனிந்து எட்டாவது படத்தின் சட்டத்தில் ஏதோ விரிசலைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

என் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. வேறொரு பயம் அடியிலிருந்து குளிராக ஏறியது. இத்தனை நாள் நான் காவல் காத்தது தப்பான வாசலில்.

"அக்கா," என்றேன்.

அவள் ஆணி வரிசைக்குப் போய்த் தன் கோட்டை எடுத்தாள். போட்டுக்கொண்டு, எல்லாப் பொத்தானையும் கீழிருந்து மேலாக மாட்டினாள். பையில் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்து, திரும்பி வந்து, என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள். அவள் கை சூடாக இருந்தது. ஆப்பிள் படத்தின் முன்னால் மல்லிகா அக்கா திரும்பிப் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்துக்கொண்டாள். மிஸ் பார்லோ கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு இரண்டடி எடுத்து வைத்து நின்றுவிட்டார்.

கதவு திறந்தபோது வெளியிலிருந்து குளிர் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிராம் நிற்கிற பக்கம் அவள் போகவில்லை. ரயில் நிலையத்துக்கு இறங்குகிற பாதையில், மாம்பழ நிறக் கொசுவம் கோட்டுக்கு அடியில் தெரிய, அக்கா நடந்து போனாள்.